டபுள் கிளிக் பண்ணா வெள்ளைப் பக்கம், இதுக்கு எதுக்குங்க வெப் சர்வர்?

மரபணுமலர் (இழையைத் தொடங்கியவர்):
மக்களே ஒரு சந்தேகம், சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க. பயோடெக் பிஎச்டி ரெண்டாவது வருஷம், கோடிங் பெருசா வராது, சீனியர் எழுதி வச்ச ஸ்கிரிப்ட ஓட்டத் தெரியும் அவ்ளோதான். ஜேபிரவுஸ் 2னு ஒரு ஜீனோம் பிரவுசர் (டிஎன்ஏ வரிசைய படமா காட்டுற சாஃப்ட்வேர்), டவுன்லோட் பண்ணி ஜிப்ப பிரிச்சு உள்ள இருந்த இண்டெக்ஸ் எச்டிஎம்எல்ல டபுள் கிளிக் பண்ணேன். குரோம் திறந்துச்சு, வெள்ளைவெளேர்னு ஒரு பக்கம், ஒண்ணுமே இல்ல. எஃப்12 அழுத்திப் பாருன்னு ரூம்மேட் சொன்னா, பாத்தா கன்சோல்ல ஒரே சிவப்பு, சிஓஆர்எஸ்னும் ஆரிஜின் நல்னும் என்னென்னமோ. லேப்ல கேட்டா "வெப் சர்வர் போட்டு தான் ஓட்டணும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க.

என் கேள்வி இதான். ஃபைல் என் லேப்டாப்ல. பிரவுசரும் என் லேப்டாப்ல. நடுவுல எதுக்கு சர்வர்? ஜூபிடர் (பைதான் கோடு எழுதி ஓட்டுற நோட்புக்) கூட இப்படித்தான், திறந்தா லோக்கல்ஹோஸ்ட் 8888னு வருது, வேர்டு எக்ஸெல் மாதிரி நேரா திறந்தா என்ன குறைஞ்சு போச்சு? சீனியர் 2018ல எழுதி வச்ச நோட்ல "இந்த மாதிரி பக்கம் குரோம்ல வராது, ஃபயர்ஃபாக்ஸ்ல டபுள் கிளிக் பண்ணு, வரும்"னு இருக்கு, அதுவும் பண்ணிட்டேன், வரல.

இத விட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. என்கிட்ட இருக்குறது பேஷண்ட் சாம்பிள் டேட்டா. லேப விட்டு வெளிய போகாதுன்னு எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுத்துருக்கோம். சர்வர்னாலே நெட்டுக்கு போகுதுன்னு தானே அர்த்தம்? கைடு கேட்டா நான் என்ன சொல்ல?

சும்மா_ஒருத்தன்:
எங்களுக்கு சர்வர்னா இட்லி கொண்டு வர்றவர் தான் 😀 தெரிஞ்சவங்க வருவாங்க, இழைய மேல தள்ளி விடுறேன்.

பெட்டிசர்வர்:
சும்மா_ஒருத்தன் விளையாட்டா சொன்னாலும் சரியா தான் சொல்லிருக்காரு. சர்வர்னா எங்கயோ ஏசி ரூம்ல இருக்குற பெரிய பொட்டி இல்ல சகோ, கேட்டா எடுத்துக் குடுக்குற ஒரு ப்ரோக்ராம், அவ்ளோதான். கேக்குறதும் குடுக்குறதும் ஒரே மெஷின்ல இருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட்ங்கறது 127.0.0.1ங்குற அட்ரஸோட பேரு, அதுக்கு அனுப்புறத ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளயே திருப்பி விட்டுரும், வைஃபை கார்டு பக்கமே எட்டிப் பாக்காது. நம்பிக்கை இல்லன்னா வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ஜூபிடர ஓட்டிப் பாருங்க, ஜம்முனு ஓடும். அதனால கைடு கேட்டா தைரியமா சொல்லுங்க, எதுவும் வெளிய போகல.

இப்ப வெள்ளைப் பக்கம். டபுள் கிளிக் பண்ணும்போது அட்ரஸ் பார்ல எச்டிடிபின்னு வராம ஃபைல்னு ஆரம்பிக்குதுல்ல, வில்லங்கம் அங்க தான். ஒரு வெப்சைட்டுல இருக்குற ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு வெப்சைட்டோட விஷயத்த படிக்கக்கூடாதுன்னு பிரவுசருக்கு ஒரு பழைய சட்டம். எது யாரோட வீடுன்னு அது எப்படி கண்டுபிடிக்கும்? எச்டிடிபி, பேரு, போர்ட் நம்பர் (ஒரே மெஷின்ல எந்த ப்ரோக்ராம்னு சொல்ற கதவு நம்பர், 8888 மாதிரி), இந்த மூணையும் சேத்து தான். அதுக்குப் பேரு தான் ஆரிஜின். டபுள் கிளிக் பண்ண ஃபைலுக்கு பேரும் இல்ல போர்ட்டும் இல்ல, அதான் நல். ஜேபிரவுஸ் பக்கம் திறந்த உடனே தன்னோட கான்ஃபிக் ஃபைல், மத்த ஸ்கிரிப்டு, டேட்டா எல்லாத்தையும் எடுக்கப் போகுது, பிரவுசர் "நீ யாரு, அவன் யாரு, எனக்கு ரெண்டு பேரையும் தெரியாது"ன்னு கதவ சாத்திருது. சிஓஆர்எஸ்னு சிவப்பா வந்தது அது தான்.

ஏன் இவ்ளோ கறார்னா, யாரோ மெயில்ல ஒரு எச்டிஎம்எல் ஃபைல் அனுப்புறான்னு வைங்க, அது டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல விழுது. உங்க டவுன்லோட்ஸ்ல என்ன இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, ஆதார், மார்க்‌ஷீட், பேங்க் ஸ்டேட்மெண்ட். பக்கத்துல இருக்குற ஃபைல படிக்க விட்டா அந்தப் பக்கம் எல்லாத்தையும் அள்ளி எங்கயோ அனுப்பிரும். ஃபயர்ஃபாக்ஸ் ரொம்ப நாள் வரைக்கும் ஒரே ஃபோல்டர்ல இருக்குறத விட்டுட்டு தான் இருந்துச்சு, 2019ல 68ஆவது வெர்ஷன்ல அதையும் மூடிட்டாங்க. உங்க சீனியர் நோட் 2018. அவர் மேல தப்பில்ல, காலம் மாறிப்போச்சு.

குரோம்ல இந்த செக்க ஆஃப் பண்ற ஆப்ஷன் இருக்குன்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். அத போட்டுட்டு மறந்துட்டு அதே ஜன்னல்ல மெயில் பாப்பீங்க.

பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள். கருப்பு ஜன்னல (கமாண்ட் அடிக்கிற டெர்மினல்) திறந்து ஜேபிரவுஸ் ஃபோல்டருக்குள்ள போய் பைதான் மைனஸ் எம் எச்டிடிபி டாட் சர்வர்னு அடிங்க (தமிழ் கீபோர்டு, மாத்த சோம்பேறித்தனம், புரிஞ்சுக்கோங்க), அப்புறம் பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8000.

கருப்புத்திரை:
எல்லாம் சரி தம்பி, ஆனா "பிரவுசர் விடாது, அதனால சர்வர் வேணும்"னு சொன்னா பாதி பதில் தான். அந்தப் பொண்ணு கேட்டது எக்ஸெல் மாதிரி ஏன் இல்லன்னு. அதுக்கு பதில், எழுதுறவங்க பிரவுசர ஜன்னலா எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவு தான். விண்டோஸுக்கு ஒண்ணு மேக்குக்கு ஒண்ணு லினக்ஸுக்கு ஒண்ணுன்னு மூணு தடவ எழுத ஆள் கிடையாது, பல்கலைக்கழகத்துல சாஃப்ட்வேர் எழுதுறது ரெண்டு போஸ்ட்டாக்கும் ஒரு மாணவனும். பிரவுசர் எல்லாரோட மெஷின்லயும் இருக்கு, படம் வரையும், ஜூம் பண்ணும், ஓசி. அதுல எழுதிட்டா ஒரே வேலை. புரியுது, தப்பு சொல்லல, ஆனா இத "தேவை"ன்னு சொல்லாதீங்க, சௌகரியம்னு சொல்லுங்க.

கணக்கு போடுற மூளை ஒரு பக்கம், காட்டுற முகம் ஒரு பக்கம்னு பிரிக்கிறதுக்கும் வெப்புக்கும் சம்பந்தமே இல்ல. மேத்தமேடிகாங்குற கணக்கு சாஃப்ட்வேர் 1988ல வந்தப்பவே அப்படித்தான், காட்டுற நோட்புக் தனி, கணக்கு போடுற கெர்னல் தனி, வெப்புங்கற வார்த்தையே அப்ப கிடையாது. ஜீனோம் பாக்க ஐஜிவின்னு பிராட் இன்ஸ்டிடியூட் ஆளுங்க ஜாவால எழுதினது இருக்கு, இறக்கு, திற, ஃபைல காட்டு, முடிஞ்சது. சர்வராவது மண்ணாவது.

அணுக்கரு:
கருப்புத்திரை சார் கிட்ட மல்லுக்கு நிக்க வரல, ஆனா ஜூபிடர் கதை கொஞ்சம் வேற. ஜேபிரவுஸுக்கு சர்வர் வெறும் எடுபிடி, ஃபைல எடுத்து நீட்டுறதோட சரி, வேலையெல்லாம் பிரவுசர் பாத்துக்கும். ஜூபிடர்ல தலைகீழ். பைதான் ஓடுறது உள்ள கெர்னல்னு ஒரு தனி ப்ராசஸ்ல, பிரவுசருக்கு பைதான்னா என்னன்னே தெரியாது. நீங்க ஷிஃப்ட் என்டர் அடிச்சா அந்த வரி வெப்சாக்கெட் வழியா ஜூபிடர் சர்வருக்குப் போகும், அது ஜீரோஎம்க்யூங்குற இன்னொரு வழியில கெர்னலுக்கு தள்ளும், விடை அதே வழியில திரும்பி வரும். பிரவுசரால ஜீரோஎம்க்யூ பேச முடியாது, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும், அந்த ஆள் தான் 8888ல உக்காந்துருக்குறது.

இதுல ஒரு வேடிக்கை. ஐபைதான் கூட்டம் (ஜூபிடரோட முன்னோடி) நேரா வெப்புக்குத் தாவல. 2011 ஜூலைல வந்த 0.11ல சார் சொல்ற மாதிரி க்யூட்டிங்குற டூல்ல எழுதின டெஸ்க்டாப் ஜன்னல் தான் குடுத்தாங்க, அதே வருஷம் டிசம்பர்ல 0.12ல பிரவுசர் நோட்புக் வந்துச்சு. எது ஜெயிச்சுதுன்னு ஊருக்கே தெரியும்.

ஏன் ஜெயிச்சுதுன்னா, எங்க வேலையில கணக்கு ஓடுற மெஷின் நம்ம மடியில இருக்காது. கிளஸ்டர்ல (பல மெஷின கோத்து வச்ச கூட்டம்) ஓடும், நான் வீட்ல இருப்பேன். எஸ்எஸ்எச்ல (தூரத்து மெஷினுக்குள்ள நுழையுற வழி) எல் ஆப்ஷன் போட்டு என் 8888அ அந்த மெஷின் 8888ஓட கோத்துவிட்டா முடிஞ்சது, என் பிரவுசருக்கு அது பக்கத்துல இருக்கா பெங்களூர்ல இருக்கான்னு வித்தியாசமே தெரியாது. ஐஜிவி ஜன்னல கிளஸ்டர்ல இருந்து எக்ஸ் ஃபார்வர்டிங்ல (அங்க ஓடுற ஜன்னல இங்க காட்டுற வழி) இழுத்துப் பாத்துருக்கீங்களா சார்? ஒரு மெனு திறக்குறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்.

தாவ் தீர்றதும் உண்டு. ராத்திரி ஜூபிடர்ல ஒரு மான்டி கார்லோ கணக்கு ஓட விட்டுட்டு டேப மூடிட்டு தூங்கிட்டேன், கெர்னல் தனி தானே ஓடிட்டு தான் இருக்கும்னு. ஓடிட்டு தான் இருந்துச்சு. காலைல திறந்தா நோட்புக்ல கோடு எழுதின கட்டத்துக்கு கீழ ஒரு வரி கூட இல்ல, டேப் மூடியிருந்த நேரத்துல வந்த ப்ரிண்ட் எல்லாம் வாங்கிக்க ஆள் இல்லாம காத்துல போயிருச்சு. வேரியபிள் மெமரில இருந்ததால தப்பிச்சேன். அன்னைலருந்து எல்லாத்தையும் ஃபைல்ல எழுதிடுறது.

சும்மா_ஒருத்தன்:
"விடை வரும், வாங்கிக்க ஆள் இருக்காது" என் இன்டர்வியூ மாதிரியே இருக்கு.

மரபணுமலர்:
அண்ணா எல்லாருக்கும் நன்றி!! பெட்டிசர்வர் அண்ணா சொன்ன மாதிரி அடிச்சேன், பக்கம் வந்துருச்சு, ஹியூமன் ஜீனோம் ரெஃபரன்ஸ் கூட வந்துருச்சு, சந்தோஷத்துல கத்திட்டேன். அப்புறம் என் பேம் ஃபைலயும் (சாம்பிளோட டிஎன்ஏ ரீட்ஸ் இருக்குறது) அதோட பேய் (பிஏஐ) இண்டெக்ஸயும் அதே ஃபோல்டர்ல போட்டு ட்ராக் சேத்தேன். ட்ராக் வர வேண்டிய இடத்துல சிவப்பு கட்டம். எச்டிடிபி 200னு என்னமோ இருக்கு. கூகுள் பண்ணா 200னா "ஓகே"ன்னு அர்த்தமாம். ஓகேன்னு சொல்லிட்டு எதுக்கு சிவப்பு? பேம் ஃபைல் 11 ஜிபி, லேப்டாப்ல ரேம் 8, அதனால இருக்குமோ?

கருப்புத்திரை:
ரேம் இல்லம்மா. இதுக்கு நான் பதில் சொல்றேன், திட்டினது போதும்.

பத்திரப்பதிவு ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாத்துருக்கியா? சர்வே நம்பர் குடுத்தா முதல்ல இண்டெக்ஸ் புரட்டுவாங்க, இந்த வால்யூம் இந்த பக்கம்னு வரும், அந்த பக்கத்த மட்டும் நகல் எடுத்துக் குடுப்பாங்க. பேம் ஃபைல் அந்த ரெஜிஸ்டர். உள்ள 64 கேபிக்கு மிகாத துண்டு துண்டா சுருக்கி வச்சுருக்கும், ஒவ்வொரு துண்டையும் தனியா பிரிக்கலாம். பேய் ஃபைல் அதுக்கு இண்டெக்ஸ். நீ பிஆர்சிஏ1 ஜீன பாக்கணும்னா 17ஆவது குரோமோசோம்ல 4.3 கோடியாவது பேஸ் பக்கம், அது 11 ஜிபில எந்த பைட்ல ஆரம்பிக்குதுன்னு பேய் சொல்லும், ஜேபிரவுஸ் சர்வர் கிட்ட "இந்த பைட்ல இருந்து இந்த பைட் வரைக்கும் மட்டும் குடு"ன்னு கேக்கும். எச்டிடிபில அதுக்கு ரேஞ்சுன்னு ஒரு வசதி. ஒழுங்கான சர்வர்னா 206னு சொல்லிட்டு அந்த துண்ட மட்டும் குடுக்கும்.

பைதானோட அந்த குட்டி சர்வர் இருக்கே, அதுக்கு ரேஞ்சுங்கற பேச்சே காதுல விழாது. பக்கம் கேட்டா முழு ரெஜிஸ்டரையும் தூக்கி மேசைல போடும், "200, ஓகே, இந்தா 11 ஜிபி". ஜேபிரவுஸ் நான் கேட்டது இது இல்லையேன்னு சிவப்பு காட்டுது. எஃப்12ல நெட்வொர்க் டேப பாரு, 206 இருக்க வேண்டிய இடத்துல 200 இருக்கும்.

நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) இருக்கா மெஷின்ல? இருந்தா என்பிஎக்ஸ் சர்வ்னு அடி, அதுக்கு ரேஞ்ச் தெரியும், 3000ல வரும்.

வடலி:
ஒரு நிமிசம். தங்கச்சி, நீங்கள் அந்தப் பைதான் சர்வரை எங்க இருந்து ஓட்டினனீங்கள்? ஆய்வுகூடத்திலயோ விடுதியிலயோ? கறுப்புத் திரையில சர்விங் எண்டு ஒரு வரி வந்திருக்கும், அதில என்ன நம்பர் கிடக்கு எண்டு பாருங்கோ.

மரபணுமலர்:
ஹாஸ்டல் தான் அண்ணா, ஹாஸ்டல் வைஃபை. சர்விங் எச்டிடிபி ஆன் 0.0.0.0 போர்ட் 8000னு இருக்கு. ஏன்?

வடலி:
உடன கண்ட்ரோல் சி அடிச்சு நிப்பாட்டுங்கோ, பிறகு வாசிக்கலாம்.

லோக்கல்ஹோஸ்ட் எண்டால் வெளிய போகாது எண்டு மேல பெட்டிசர்வர் சொன்னது சரி. ஆனா 0.0.0.0 லோக்கல்ஹோஸ்ட் இல்லை. இந்த மெசினுக்கு எத்தினை வாசல் இருக்கோ அத்தினை வாசலிலயும் நிண்டு ஆர் கேட்டாலும் குடு எண்டு அர்த்தம், வைஃபை வாசலும் அதில ஒண்டு. நீங்கள் பிரவுசரில லோக்கல்ஹோஸ்ட் எண்டு அடிச்சபடியால் அது உள்ளுக்க மட்டும் ஓடுது எண்டு நினைச்சிட்டீங்கள், நீங்கள் எந்த வாசலால போனீங்கள் எண்டதும் எத்தினை வாசல் திறந்து கிடக்கு எண்டதும் வேற வேற. பைதான் சர்வர் ஒண்டும் சொல்லாட்டில் எல்லா வாசலையும் திறக்கும். ஃபயர்வால் மறிச்சிருந்தால் நல்லது, ஆனா முதல் தரம் ஓட்டேக்க விண்டோஸ் கேட்கிற கேள்விக்கு எல்லாரும் அலவ் எண்டு தானே அமத்திறது.

நானும் இதில மாட்டின ஆள் தான், கருத்தரங்கு மண்டப வைஃபையில, முன்வரிசையில இருந்த ஒருத்தர் என்ர ஃபோல்டரைத் திறந்து எனக்கே காட்டினார்.

மரபணுமலர்:
கை நடுங்குது. நிறுத்திட்டேன். செக் பண்ணலாம்னு டேட்டா எல்லாத்தையும் வேற இடத்துக்கு நகத்திட்டு திரும்ப ஓட்டி, ஃபோன்ல, ஹாஸ்டல் வைஃபைல லேப்டாப்புக்கு இருக்குற 192.168 அட்ரஸ போட்டு 8000னு அடிச்சேன். ஃபோன்ல என் ஃபோல்டர் லிஸ்ட் வரிசையா வருது. பாஸ்வேர்ட் இல்ல ஒண்ணும் இல்ல. அப்ப நேத்து ராத்திரி பூரா சாம்பிள் பேம் அங்க தான் இருந்துச்சு. யாராவது எடுத்துருந்தா எப்படி தெரியும்??

கருப்புத்திரை:
பதறாத. அந்த சர்வர் ஒவ்வொரு தடவ யார் கேட்டாலும் திரைல ஒரு வரி எழுதும், வரியோட முதல்ல கேட்டவன் அட்ரஸ் இருக்கும். ஜன்னல மூடலன்னா மேல தள்ளிப் பாரு. எல்லாம் 127ல ஆரம்பிச்சா நீ மட்டும் தான் பாத்துருக்க.

மரபணுமலர்:
மூடல. முதல்லருந்து ஒவ்வொரு வரியா பாத்தேன், நாலு தடவ. எல்லாமே 127.0.0.1, இப்ப டெஸ்ட் பண்ண என் ஃபோன் மட்டும் தான் 192. அப்பாடா.

பெட்டிசர்வர்:
தப்பு என்னோடது சகோ, மன்னிச்சுக்கோங்க. "எதுவும் வெளிய போகல"ன்னு மார்தட்டி சொல்லிட்டு, பைண்ட் பண்ண (எந்த வாசல்ல மட்டும் நிக்கணும்னு கட்டிப்போட) சொல்லாம கமாண்ட குடுத்துட்டேன். பைதான்ல மைனஸ் மைனஸ் பைண்ட் 127.0.0.1னு சேத்துருக்கணும். என்பிஎக்ஸ் சர்வும் அப்படியே ஓட்டினா எல்லா வாசலும் திறக்கும், ஓட்டும்போதே லோக்கல் ஒண்ணு நெட்வொர்க் ஒண்ணுன்னு ரெண்டு அட்ரஸ் காட்டும் பாருங்க. மைனஸ் எல் போட்டு டிசிபி கோலன் ரெண்டு சாய்வுக்கோடு 127.0.0.1 கோலன் 3000னு குடுங்க, உள்ளுக்குள்ள மட்டும் இருக்கும். குடுத்துட்டு ஃபோன்ல ஒரு தடவ அடிச்சுப் பாத்துருங்க, வரக்கூடாது.

அணுக்கரு:
ஜூபிடர்ல இந்த பயம் கம்மி, அது தானாவே லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் தான் நிக்கும். அட்ரஸ் பின்னாடி டோக்கன்னு நீளமா ஒரு எழுத்துக்கூட்டம் வருதே, 2016 டிசம்பர்ல வந்த நோட்புக் 4.3ல இருந்து அது வழக்கமா இருக்கு. லோக்கல்ஹோஸ்ட் தானே பூட்டு எதுக்குன்னு தோணும். லோக்கல்ஹோஸ்ட் மெஷினுக்கு தான் சொந்தம், ஆளுக்கு இல்ல. கிளஸ்டர்ல ஒரே நோடுல (ஒரே மெஷின்ல) நாப்பது பேர் லாகின் பண்ணிருப்போம், டோக்கன் இல்லன்னா என் 8888அ பக்கத்து சீட்டுக்காரன் திறந்து என் பேர்ல என் ஃபைல அழிக்கலாம். நோட்புக்னா சும்மா பாக்குறது இல்ல, கோடு ஓட்டுற இடம்.

கருப்புத்திரை:
இதுக்கு தான் நான் தலப்பாடா அடிச்சுக்கிறேன். சயின்ஸ் சாஃப்ட்வேர் மட்டும் இல்ல, 2019 ஜூலைல ஜூம் கதை ஞாபகம் இருக்கா? மேக்ல இன்ஸ்டால் பண்ணா சத்தமில்லாம ஒரு லோக்கல் வெப் சர்வர் உக்காந்துக்கும், ஜூம அழிச்சாலும் அது போகாது, ஏதோ ஒரு வெப்சைட் பக்கத்த திறந்தாலே மீட்டிங்ல கேமராவோட கொண்டு போய் விடலாம்னு ஒருத்தர் வெளிய சொன்ன பிறகு ஆப்பிளே அப்டேட் அனுப்பி அத தூக்குச்சு. ஓப்பனா ஒரு போர்ட் இருந்தா அதுக்கு காவல் யாருன்னு கேக்கணும். அதான் சொல்றேன், ஐஜிவி டெஸ்க்டாப் போடும்மா, போர்ட்டும் இல்ல பைண்டும் இல்ல.

வடலி:
கருப்புத்திரை அண்ணை, கோவிக்காதேங்கோ. ஐஜிவி டெஸ்க்டாப்பைத் திறந்து ப்ரிஃபரன்ஸில அட்வான்ஸ்ட் பக்கத்தை ஒருக்கா பாருங்கோ. 60151 எண்டு ஒரு போர்ட் கிடக்கும். வெப் பக்கத்தில இருக்கிற லிங்கை அமத்தினால் ஐஜிவியில அந்த இடம் திறக்கிறதுக்கு, அதுவும் காது குடுத்துக்கொண்டு தான் இருக்கு.

சும்மா_ஒருத்தன்:
😂😂😂 சார் லைன்ல இருக்கீங்களா

கருப்புத்திரை:
பாத்தேன். இருக்கு. டிக்க எடுத்துட்டேன்.

சரி, ஒத்துக்கிறேன், ஆனாலும் அது ஆர்டர் வாங்குற காது, என் ஃபோல்டர எடுத்து ஊருக்கு நீட்டாது.

பெட்டிசர்வர்:
மலர் சகோ, சாருக்காக ஒண்ணு சொல்றேன், ஜேபிரவுஸுக்கே டெஸ்க்டாப் வெர்ஷன் இருக்கு, எலக்ட்ரான்ல (வெப் பக்கத்த டெஸ்க்டாப் ஆப்பா மாத்துற டூல்) பண்ணது, பேம் ஃபைல நேரா திறக்கும், சர்வர் வேண்டாம். நீங்க தனியா உக்காந்து பாக்கணும்னா அது போதும். லேப்ல நாலு பேரு ஒரே இடத்துல பாக்கணும்னா வெப் வெர்ஷன், அப்ப உங்க இன்ஸ்டிடியூட் மெஷின்ல, பாஸ்வேர்டோட, சிஸ்டம் அட்மின் கிட்ட சொல்லி.

மரபணுமலர்:
டெஸ்க்டாப் போட்டுட்டேன். பிஆர்சிஏ1 வந்துருச்சு, ரீட்ஸ் எல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி வருது, நாலு நாளா இதுக்கு தான் அழுதேன். கைடு கிட்ட ஹாஸ்டல் விஷயத்தயும் மறைக்காம சொல்லிட்டேன், லாக பாத்ததயும் சொன்னேன். "டேட்டாவ ஏன் ஹாஸ்டலுக்கு கொண்டு போன?"ன்னு ஒரே கேள்வி தான் கேட்டாங்க, அதுக்கு பதில் இல்ல என்கிட்ட. இனிமே லேப் மெஷின் தான்.

கடைசியா ஒண்ணு, ஜூபிடர் இன்னைக்கு 8888 இல்லாம 8889னு வருது, அது ஏன்?

அணுக்கரு:
பழசு ஒண்ணு 8888ல இன்னும் ஓடிட்டு இருக்கு. டேப மூடினா சர்வர் சாகாது. கருப்பு ஜன்னல்ல போய் கண்ட்ரோல் சி, ரெண்டு தடவ.